காலேஜ் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குப் போனால் ஏன் இவ்வளவு கடுப்பாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஃபுட்பால்? காலேஜ் ஆட்டத்துக்கு ஸ்டேடியம் எல்லாம் உண்டா?

ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால்தான். காலேஜ் என்றதும் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஃபுட்பால் ஸ்டேடியங்கள் எட்டு, எட்டுமே பல்கலைக்கழக அணிகள் ஆடுபவை. ஆன் ஆர்பரில் இருக்கும் மிஷிகன் ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் அந்த அளவு ஒன்றுகூடக் கிடையாது. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை என்றால் டஸ்கலூசா, நாக்ஸ்வில், ஸ்டேட் காலேஜ் மாதிரி ஊர்களில் கல்யாணம்கூட வைக்க யோசிப்பார்கள். சொந்த ஊர் ஆட்டம் வருஷத்துக்கு ஆறேழுதான். அதில் ஒன்று சொதப்பினாலும் அடுத்த வருஷம் வரைக்கும் வலிக்கும்.

இவ்வளவு ஆரவாரம் இருக்கும் இடத்தில் அப்படி என்ன குறை?

காத்திருப்பு. விலை, வெயில், பீர், பார்க்கிங் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாம் உண்மைதான், ஆனால் தொடர்ந்து போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்: டிவிக்காகக் காத்திருக்கிறோம். அந்த டிவிக்கு விற்கப்படும் சரக்கில் பாதி நம்ம சத்தம். அந்தச் சத்தத்தைக் காசு கொடுத்து உள்ளே வந்து நாமே போட்டுவிட்டு, விளம்பரம் முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஆட்டம் ஏன் நின்று நின்று போகிறது?

மைதான ஓரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் நிற்பார், கவனித்திருக்கிறீர்களா? வீரரும் இல்லை, நடுவரும் இல்லை. டிவி சேனலின் ஆள். அவர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றால் விளம்பரம் ஓடுகிறது என்று அர்த்தம், அவர் விலகும் வரை பந்து நகராது. 22 தடிமாடுகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டரை, மூன்று நிமிஷம். இதில் எல்லோரும் வெறுக்கும் வரிசை ஒன்று உண்டு: டச்டவுன் போட்டுப் புள்ளி எடுப்பது, அதற்கு மேல் எக்ஸ்ட்ரா பாயிண்ட், விளம்பரம், அப்புறம் பந்தை எதிரணிக்கு உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கிக்ஆஃப், அதில் யாரும் பந்தைத் தொட்டு ஓடக்கூட இல்லாமல் எல்லைக்கு வெளியே போய் விழும், உடனே மறுபடியும் விளம்பரம். ஸ்டேடியமே குதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆறு நிமிஷத்துக்கு ஒரே ஒரு உதை. எந்தக் கூட்டத்தின் சூடும் அதற்கு மேல் தாங்காது.

கடிகாரப்படி ஆட்டம் 60 நிமிஷம். நடைமுறையில் மூன்று மணி நேரத்தைத் தாண்டி இருபது, முப்பது நிமிஷம் சாதாரணமாகப் போகும். இடைவேளை மட்டும் 20 நிமிஷம், அதை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அதில் மாணவர்களின் பேண்ட் வாத்தியக் குழு இருக்கிறது.

2023 இல் ஒரு விதியை மாற்றினார்கள். அதுவரை ஒரு அணி நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறி ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தால் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். இனிமேல் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிஷம் தவிர நிறுத்துவதில்லை என்று ஆக்கினார்கள். ஆட்டம் சீக்கிரம் முடியும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். நடந்தது என்ன? ஆட்டத்துக்குச் சில பிளேக்கள், அதாவது பந்தை எடுத்து ஆடும் தடவைகள், குறைந்தன, விளம்பரம் அப்படியே இருந்தது. 2024 இல் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ஒரு கட்டாய நிறுத்தம் வேறு வந்து சேர்ந்தது. இது கூடுதல் விளம்பரம் இல்லை, இருப்பதை வசதியாக அடுக்கிக்கொள்வதற்குத்தான் என்றார்கள். யாருடைய வசதிக்கு என்று கேட்கக்கூடாது.

இப்போது பல ஸ்டேடியங்களில் விளம்பரம் முடிய இன்னும் எத்தனை விநாடி என்று காட்டும் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், குறைந்தபட்சம் பாத்ரூம் போய்வர நேரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆட்டம் எத்தனை மணிக்கு என்று ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை?

தேதி வருஷக் கணக்கில் முன்னாடியே தெரியும். மணிதான் தெரியாது. பெரும்பாலான ஆட்டங்களின் நேரத்தை சேனல்கள் 12 நாளுக்கு முன்தான் முடிவு செய்யும், சில வாரங்களில் அதையும் தள்ளிப்போட்டு 6 நாள் முன்பு சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நாலு மணி நேரம் காரோட்டி வரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மதியம் என்றால் விடியற்காலை கிளம்பணும், ராத்திரி என்றால் ஹோட்டல் வேண்டும், ஹோட்டல்காரரோ ஆறு மாசம் முன்பே இரண்டு ராத்திரிக்குப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் ரூமைக் கொடுப்பார்.

இதில் புதுத் தலைவலி ஃபாக்ஸ் சேனல் 2019 இல் தொடங்கிய 'பிக் நூன்'. தன்னிடம் இருக்கும் சிறந்த ஆட்டத்தை கிழக்கு நேரம் நண்பகல் 12க்குப் போடுவது. அலபாமா, விஸ்கான்சின், நெப்ராஸ்கா எல்லாம் மத்திய நேரத்தில் இருக்கிற ஊர்கள், அங்கே எந்தச் சேனல் 12க்கு வைத்தாலும் காலை 11. டெயில்கேட் என்று ஒன்று இருக்கிறதே, ஸ்டேடியத்துக்கு வெளியே காரின் பின்கதவைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு ஊர்ப்பட்ட நண்பர்களைப் பார்ப்பது, பல பேருக்கு ஆட்டத்தைவிட அதுதான் முக்கியம். 11 மணி ஆட்டத்துக்கு எங்கே டெயில்கேட் போடுவது, இட்டலி தின்கிற நேரத்தில் யார் மாட்டிறைச்சி வாட்டுவார்கள்? அதோடு தெற்கு மாநிலங்களில் செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளக்கும். 2019 இல் சதர்ன் மிசிசிப்பி ஆட்டத்துக்கு 11 மணி என்று அறிவிப்பு வந்ததும் அலபாமாவின் விளையாட்டு இயக்குநர் கிரெக் பர்ன் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார். பலன் இல்லை. காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பிக் டென் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி) 2023 இல் தொடங்கிய ஏழு வருஷ டிவி ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல் என்று செய்தி வந்தது. அதற்கு அப்புறம் நேரத்தைப் பற்றி யார் யாரிடம் வாதாடுவது?

மறுபக்கம் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) ரசிகர்களைக் கேட்டால் ராத்திரி ஆட்டம் இல்லாவிட்டால் அது ஆட்டமே இல்லை என்பார்கள். பேட்டன் ரூஜில் சூரியன் இறங்கினபிறகு டைகர் ஸ்டேடியம் வேறு ஒரு இடம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாணவர்கள் ஏன் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள்?

ஸ்கோர் 42–0 என்று இருக்கும், வெயில் 35 டிகிரி, அவர்களுக்கு இருபது வயசு, தெருவில் எதிர்ப்பக்கம் ஏசி போட்ட பார் இருக்கிறது. வேறு என்ன காரணம் வேண்டும்?

பெரிய அணிகள் சீசன் தொடக்கத்தில் சின்ன காலேஜுக்குப் பணம் கொடுத்து வரவழைத்து நொறுக்கி அனுப்பும், இப்போதெல்லாம் ஒரு ஆட்டத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேலேயும் போகிறது. (எப்போதாவது திருப்பியும் அடிக்கும். 2007 இல் மிஷிகன் 4 லட்சம் டாலர் கொடுத்துக் கூப்பிட்ட அப்பலாச்சியன் ஸ்டேட் 34–32 என்று மிஷிகனையே தோற்கடித்துவிட்டுப் போனது. அன்றைக்குப் பாதியில் எழுந்துபோனவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.) இந்த மாதிரி ஆட்டத்துக்கு முழு விலை வாங்கிவிட்டு, கடைசி வரை இரு என்றால் எப்படி?

அலபாமா 2019 இல் ஒரு ஆப் கொண்டுவந்தது. மாணவரின் போன் ஸ்டேடியத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். வந்ததற்கு 100 புள்ளி, நாலாவது குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பாகம் வரை இருந்தால் 250 புள்ளி. புள்ளி சேர்ந்தால் பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. தனியுரிமைக் கவலை ஒருபக்கம் இருக்கட்டும். ஆப் வைத்து ஆளை உட்கார வைக்கலாம், கத்த வைக்க முடியுமா?

'முழுக்க விற்றுவிட்டது' என்கிறார்கள், ஆனால் பெஞ்சு காலியாகத் தெரிகிறதே?

விற்ற டிக்கெட் வேறு, வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட் வேறு. பத்திரிகைக்குக் கொடுக்கும் எண் பெரும்பாலும் முதலாவது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2018 இல் பல பல்கலைக்கழகங்களின் ஸ்கேன் கணக்கை வாங்கிப் பார்த்தபோது, முந்தைய சீசனில் அறிவித்த எண்ணிக்கையில் சராசரியாக 71 சதவீதம்தான் நிஜமாக உள்ளே வந்திருந்தது. நெப்ராஸ்கா 1962 முதல் ஒரு ஆட்டம்கூட விடாமல் ஹவுஸ்ஃபுல் என்று பெருமைப்படும், நியாயமான பெருமைதான், ஆனால் 2021 இல் விற்காமல் கிடந்த டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி வசதியில்லாத குழந்தைகளுக்குக் கொடுத்துத்தான் அந்தத் தொடர் பிழைத்தது. குழந்தைகள் பார்த்தார்களே, அதுவே நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

பேண்டை ஓரங்கட்டிவிட்டு ஸ்பீக்கரில் ஏன் அலற விடுகிறார்கள்?

இந்தக் கேள்வியில்தான் சண்டை சூடு பிடிக்கும். காலேஜ் ஃபுட்பாலுக்கும் என்எஃப்எல்லுக்கும் காதால் தெரியும் வித்தியாசம் மார்ச்சிங் பேண்ட். வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு முன்னூறு, நானூறு மாணவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். டிவி நிறுத்தம் வந்ததும் அவர்கள் வாத்தியத்தைத் தூக்குவதற்குள் ஸ்பீக்கரில் டிஜே ஆரம்பித்துவிடுவார், அல்லது ராட்சதத் திரையில் உள்ளூர் கார் டீலரின் விளம்பரம் ஓடும், அல்லது 'இந்த ஆட்டத்தின் சிறந்த ரசிகரை வழங்குபவர்கள்' என்று ஏதாவது ஒரு வங்கி. டிவி விளம்பரத்தைத் தப்பித்துத்தானே நேரில் வந்தோம்?

பயிற்சியாளர்களும் வீரர்களும் ஸ்பீக்கரைக் கேட்கிறார்கள், புதிதாகச் சேர வரும் பள்ளிப் பையன்களுக்கு அது பிடிக்கிறது என்பது நிர்வாகத்தின் வாதம். முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. விஸ்கான்சினில் மூன்றாவது குவார்ட்டர் முடிந்ததும் ஸ்பீக்கரில் ஒரே ஒரு பாட்டு போடுவார்கள், 1998 இலிருந்து. மாணவர் பகுதி மொத்தமும் குதிக்கும்போது மாடி அதிர்வதைக் காலில் உணரலாம். ஆக ஸ்பீக்கரே பாவம் இல்லை. ஒரு ஊர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட பாட்டுக்கும், ஐம்பது ஊரில் ஒரே நாளில் ஒலிக்கும் பாட்டுக்கும் உள்ள தூரம்தான் பிரச்சினை.

சத்தம் என்றதும் மிசிசிப்பி ஸ்டேட்டைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே ஆளுக்கொரு மாட்டு மணி கொண்டுவருவார்கள். தெற்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் எஸ்இசி கான்ஃபரன்ஸ் 1974 இல் செயற்கைச் சத்தக் கருவிகளைத் தடை செய்தது, அவர்கள் ஒளித்து ஒளித்து உள்ளே கொண்டுவந்தார்கள், கடைசியில் 2010 இல் 'இன்ன இன்ன நேரத்தில் மட்டும் ஆட்டலாம்' என்று சமாதானம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் காது போய்விடும். ஆனாலும் என் ஓட்டு மணிக்குத்தான்.

நின்றுகொண்டு பார்க்கலாமா, உட்காரச் சொல்லிப் பின்னால் இருப்பவர் திட்டுகிறாரே?

மாணவர் பகுதியில் நிற்கலாம். டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நிற்பதே மரபு. மற்ற இடங்களில் மூன்றாவது டவுனில், அதாவது நாலு முயற்சியில் மூன்றாவதில், எழுந்து நிற்பதைத் திட்டுகிறவர் வீட்டில் இருந்தே பார்த்திருக்கலாம்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது?

டிக்கெட்டில் போட்டிருக்கும் விலை மட்டும் இல்லை. நல்ல இடம் வேண்டுமானால் சீசன் டிக்கெட்டுக்கு மேல் வருஷாவருஷம் 'நன்கொடை' கட்டணும். முன்பு அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரிவிலக்கு இருந்தது, 2017 வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. நன்கொடை மட்டும் நிற்கவில்லை.

இப்போது வீரர்களுக்குச் சம்பளம் மாதிரி பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, வீரர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்குச் சமரசத்தின்படி ஒரு பல்கலைக்கழகம் முதல் வருஷத்தில் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாக வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். டென்னசி அதற்கு முந்தின வருஷமே முந்திக்கொண்டது: 2025 சீசன் டிக்கெட்டுகளுக்கு 10 சதவீதம் 'திறமைக் கட்டணம்' என்று அறிவித்தது. வீரர்களுக்குக் காசு போவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, எப்போதோ நடந்திருக்க வேண்டியது. டிவி காசு கோடிகோடியாக வரும்போது அந்தக் கட்டணத்தின் பில் ரசிகரிடம் வருவதுதான் உறுத்துகிறது.

அதே நேரத்தில் சாதாரண இருக்கைகளை எடுத்துவிட்டு சொகுசு அறைகள் கட்டுகிறார்கள். அலபாமா 2020 புதுப்பிப்பில் 1,01,821 இலிருந்து 1,00,077க்கு இறங்கியது, ஒஹாயோ ஸ்டேட்டும் அதேபோல் சுமார் இரண்டாயிரம் இடம் குறைத்தது. கண்ணாடி அறைக்குள் இருப்பவர் கத்தினால் வெளியே கேட்காது என்பதை யாராவது கணக்கில் எடுத்தார்களா தெரியவில்லை.

விலையைக் குறைத்தால் நஷ்டம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் அட்லாண்டாவில் இருக்கிறது. எஸ்இசி இறுதி ஆட்டம் நடக்கும் மெர்சிடிஸ்–பென்ஸ் ஸ்டேடியம் 2017 இல் திறந்தபோது ஹாட் டாக் 2 டாலர், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் சோடா 2 டாலர் என்று வைத்தார்கள். என்எஃப்எல் ஆட்டங்களில் ரசிகர்கள் ஆளுக்கு முன்பைவிட அதிகமாகவே செலவழித்தார்கள் என்று நிர்வாகமே சொன்னது.

மிஷிகன் 2014 என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன கதை?

ரசிகரைக் கடுப்பேற்றினால் எதுவரை போகும் என்பதற்கு இதைவிட நல்ல கதை இல்லை. டேவ் பிராண்டன் என்பவர் டொமினோஸ் பீட்சாவின் தலைவராக இருந்துவிட்டு மிஷிகன் விளையாட்டு இயக்குநராக வந்தார். பழைய மிஷிகன் ஆட்டக்காரரும்கூட. ஸ்டேடியத்தை ஒரு பிராண்டாக நடத்த ஆரம்பித்தார். மாணவர் சீசன் டிக்கெட் 295 டாலருக்கு ஏறியது. 2013 இல் மாணவர்களுக்கு ஒதுக்கிய இருக்கைகளை எடுத்துவிட்டு, முதலில் வருகிறவருக்கு முதல் இடம் என்றார்கள். மூத்த மாணவர்கள் கொதித்தார்கள். அடுத்த வருஷம் அதை மாற்றினாலும் கசப்பு போகவில்லை. 2014 இல் ஒஹாயோ ஸ்டேட், மிஷிகன் ஸ்டேட், நோட்ரடேம் என மூன்று பெரிய எதிரிகளுடனும் ஆட்டம் வெளியூரில், ஆக உள்ளூரில் பார்க்க ஒன்றும் இல்லாத சீசனுக்கு அந்த விலை. மாணவர் டிக்கெட் விற்பனை படுத்துவிட்டது.

செப்டம்பரில் உச்சம்: இரண்டு கோக் வாங்கினால் மினசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இலவசம் என்று ஒரு விளம்பரம் வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் வந்த வேகத்தில் திரும்பப் பெற்றார்கள். முழு விலை கொடுத்து வருஷக்கணக்காக வருகிறவன் அதைப் பார்த்து என்ன நினைப்பான்? அதே மினசோட்டா ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தள்ளாடிய குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசி அணியை நடத்தும் வீரரை, தொடர்ந்து ஆடவிட்ட சர்ச்சை வெடிக்க, மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அக்டோபர் 31 அன்று பிராண்டன் ராஜினாமா செய்தார். 2015க்கு மாணவர் டிக்கெட்டை 175 டாலராக இறக்கினார்கள். 1975 இலிருந்து ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் லட்சம் பேர் என்று ஓடிய கணக்கு 2014 இல் நூலிழையில் தப்பியது.

அணி தோற்றதால்தான் கோபம், ஜெயித்திருந்தால் எல்லாவற்றையும் பொறுத்திருப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. தோற்றபோது துணைக்கு நிற்க ஆள் இல்லாமல் போனதுதான் மீதிப் பாதி.

பீர் விற்பதால்தான் கூட்டம் கெட்டுப்போகிறதா?

அப்படித் தெரியவில்லை. வெஸ்ட் வர்ஜீனியா 2011 இல் உள்ளே பீர் விற்க ஆரம்பித்தபோதே, இடைவேளையில் வெளியே போய்த் திரும்ப வரும் வசதியை நிறுத்தியது. அதுவரை பாதிப் பேர் பார்க்கிங்குக்கு ஓடி இருபது நிமிஷத்தில் விஸ்கியை ஊற்றிக்கொண்டு வருவார்கள். அந்த ஓட்டம் நின்றதும் போலீஸுக்கு வேலை குறைந்தது. எஸ்இசி 2019 இல் தடையை எடுத்தது, மூன்றாவது குவார்ட்டரோடு விற்பனையை நிறுத்தணும் என்ற நிபந்தனையோடு. மிஷிகன் ஸ்டேடியம் 2024 வரை இழுத்தது.

அப்போ பாட்டில் வீச்சு?

அதற்குச் சாக்கே கிடையாது. 2021 அக்டோபரில் டென்னசி–ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) ஆட்டத்தில் நடுவர் முடிவு பிடிக்காமல் கையில் கிடைத்ததை எல்லாம் வீசினார்கள், கோல்ஃப் பந்தும் கடுகு சாஸ் பாட்டிலும் உட்பட, இருபது நிமிஷம் ஆட்டம் நின்றது, அபராதம் 2,50,000 டாலர். 2024 இல் ஜார்ஜியாவுடன் ஆடியபோது டெக்சஸ் ரசிகர்களும் அதையே செய்தார்கள், அபராதமும் அதே. அங்கே கேவலம் என்னவென்றால், மைதானத்தைச் சுத்தம் செய்யும் நேரத்தில் நடுவர்கள் கூடிப் பேசி முடிவை மாற்றிவிட்டார்கள். வீசினால் வேலை நடக்கும் என்று பாடம் எடுத்த மாதிரி ஆயிற்று.

ஜெயித்ததும் மைதானத்துக்குள் இறங்கி ஓடுவது வேறு. 2024 அக்டோபரில் வாண்டர்பில்ட் முதல் இடத்தில் இருந்த அலபாமாவை 40–35 என்று வென்றது, 1984க்குப் பிறகு முதல் தடவை. கோல்போஸ்ட்டைப் பிடுங்கி நாஷ்வில் தெருக்கள் வழியே தூக்கிப்போய் கம்பர்லண்ட் ஆற்றில் போட்டார்கள். அபராதம் ஒரு லட்சம் டாலர். 2025 இலிருந்து எஸ்இசியில் ஒவ்வொரு தடவைக்கும் 5 லட்சம். தோற்ற அணி வீரர்கள் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜம், அவர்களை முதலில் வெளியேற்றிவிட்டால் அபராதம் இல்லை என்று ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷம் காத்திருந்தவனை வேலி போட்டு நிறுத்த முடியாது.

இவ்வளவு புலம்பலுக்கு டிவியிலேயே பார்க்கலாமே?

பார்க்கலாம், பாதிப் பேர் அப்படித்தான் போய்விட்டார்கள். ஆனால் அயோவா சிட்டியில் கின்னிக் ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2017 இலிருந்து முதல் குவார்ட்டர் முடிந்ததும் எழுபதாயிரம் பேர், எதிரணி வீரர்கள் உட்பட, திரும்பி நின்று மேல்மாடி ஜன்னலில் இருக்கும் குழந்தைகளுக்குக் கை ஆட்டுவார்கள். எந்த மார்க்கெட்டிங் ஆளும் யோசித்தது இல்லை, ஒரு ரசிகை ஃபேஸ்புக்கில் சொன்ன யோசனை. அந்த இடைவெளியும் ஒரு டிவி விளம்பர நேரம்தான். அதை டிவியில் பார்ப்பதும் அங்கே நிற்பதும் ஒன்று இல்லை.

முதல் முறை போகிறேன். எந்த ஆட்டம், என்ன எடுத்துப் போகணும்?

அக்டோபர் கடைசியில், கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஆட்டமாகப் பாருங்கள், செப்டம்பர் மதிய வெயிலும் 56–3 ஆட்டமும் வேண்டாம். நேரம் அறிவிக்கும் வரை திரும்பும் விமான டிக்கெட் போடாதீர்கள். தனியாகப் போனால் கிக்ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன்பு மறுவிற்பனையில் விலை இறங்கலாம். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைதான், பல இடங்களில் 12க்கு 12 அங்குலம், அகலம் 6 அங்குலம் வரைதான் விடுவார்கள். டிக்கெட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் லட்சம் பேர் ஒரே நேரத்தில் சிக்னல் தேடுவார்கள். பெஞ்சில் விரிக்க ஏதாவது வேண்டும், மெத்தை விடுவார்களா என்று அந்தந்த ஸ்டேடியத்தின் விதியைப் பாருங்கள். பேண்ட் அணிவகுத்து உள்ளே வருவதற்கு முன்பே இடத்தில் இருங்கள். சாப்பாட்டை வெளியிலேயே முடித்துவிடுங்கள், யார் டெயில்கேட்டிலாவது போய் நின்று பேச்சுக் கொடுத்தால் தட்டை நீட்டிவிடுவார்கள், எதிரணிச் சட்டை போட்டிருந்தாலும்கூட.